காது குத்தும்போது யார் மடி?

ரத்தம் கொடுக்க வந்தவர்களிடம் அந்த அம்மா முதலில் பெயரைக் கேட்க மாட்டார். "உங்களுக்குக் காது குத்துனப்ப யார் மடியில உக்கார வச்சாங்க?" என்றுதான் கேட்பார். கிணற்றிலோ ஏரியிலோ கிடைத்த எலும்பு தன் வீட்டு ஆளுடையதுதானா என்று தெரிந்துகொள்ள வந்து, பயத்தில் நாக்கு ஒட்டிப்போய் உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்கிற கேள்வியா இது? அவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்ப்பேன்.

நான் அப்போது ஸ்டேஷன் ரைட்டர். வழக்குக் கட்டுகளை எழுதி, கட்டி, கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அனுப்புகிற வேலை. திருவண்ணாமலையில் அந்த வேலையில் பாதி, பேர் தெரியாத பிணங்களோடுதான். காவி கட்டிக்கொண்டு கிரிவலப் பாதையோரம் படுத்திருக்கும் ஒருவர் ஒருநாள் எழுந்திருக்க மாட்டார். பையில் ஒரு சொம்பும் திருநீற்றுப் பொட்டலமும் இருக்கும், ஊர் பேர் இருக்காது. அப்படிப்பட்ட பிணத்துக்குச் சொந்தம் என்று யாராவது வந்தால், அவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ரத்தம் எடுத்து, படிவம் நிரப்பி, கோர்ட் கடிதத்தோடு டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ரத்தம் எடுக்கும் லேப் டெக்னீஷியன்தான் அந்த அம்மா. அவருக்கும் என் வயதுதான், நாற்பத்தைந்து இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கோட்டுப் பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை இருக்கும்.

படிவத்தில் 'இறந்ததாகக் கருதப்படுபவருக்கு என்ன உறவு' என்று ஒரு கேள்வி. அதற்கு எதிரே ஒரு விரல் நீளத்துக்குக் கோடு. மனைவி, மகன், தாய் என்று ஏதாவது ஒன்றை எழுதிக் கைநாட்டு வாங்கினால் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை. அந்த அம்மாவுக்கு அந்த விரல் நீளக் கோட்டைக் கண்டாலே ஆகாது. தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்துவிடுவார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு ஒரு கோடு, சொந்தத்துக்குள்ளேயே கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. எங்கள் பக்கத்தில் இரட்டைக் கோடு இல்லாத தாளைப் பார்ப்பது அபூர்வம். அக்கா மகளைக் கட்டியவர், அத்தை மகனைக் கட்டியவர், பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு என்று எல்லாம் சேர்ந்து, சில தாள்கள் பூனை இழுத்துப்போட்ட நூல்கண்டு மாதிரி இருக்கும்.

"சாப்பாட்டு நேரமாயிடுச்சு மேடம். மனைவின்னு எழுதி அனுப்பிடலாமே" என்பேன்.

"மனைவின்னா எந்த மனைவி ரைட்டர் சார்? வெளியில எடுத்த பொண்ணா, அக்கா பொண்ணா? அவங்களுக்குப் பொறந்த குழந்தையோட ரத்தத்துக்கு அது ரெண்டும் ஒண்ணு இல்ல."

சொல்லிக்கொண்டே இரண்டு கடலையை வாயில் போட்டுக்கொள்வார். ஊசியில் வரும் ரத்தம் இரண்டாவது, வாயில் வரும் ரத்தம்தான் முதல் என்பது அவர் அடிக்கடி சொல்வது. எனக்கு எரிச்சலாக வரும். இன்றைக்கு அதை நினைத்தாலும் எரிச்சல்தான், ஆனால் யார் மேல் என்பது மாறிவிட்டது.

ஒருநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டேவிட்டேன். டி.என்.ஏ. என்பது மெஷின் பார்த்துச் சொல்வது, அதற்கு எதற்கு இந்த ஊர்க்கதை எல்லாம் என்று. அவர் கோட்டுப் பையில் கைவிட்டுக் கடலையை எடுத்து என் உள்ளங்கையில் கொட்டினார்.

"உங்க ஊர்ல விதைக்கடலை கடையில வாங்குவீங்களா, எடுத்து வச்சிப்பீங்களா?"

"எங்கப்பா காலத்துல எடுத்து வச்சிப்பாங்க."

"வருஷா வருஷம் அதே மூட்டையில இருந்து ஒரு படி எடுத்து வச்சு அதையே போட்டா இன்னா ஆவும்? எங்கியோ ஒரு செவப்புத்தோல் கடலை தப்பி வந்திருக்கும். அது அந்தப் படியில விழுந்துடுச்சுன்னா, பத்து வருஷத்துல மூட்டை பூரா செவப்பாயிடும். அது நல்ல கடலைன்னு அர்த்தம் இல்ல. வெளியில இருந்து வேற வரல, அவ்ளோதான். ஏரிக்கரையில நாலு தெருவு இருக்கற ஊரும் அப்படித்தான். பட்டணத்துல ஆயிரத்துல ஒருத்தருக்கு இருக்கும்னு கணக்குப் போட்டு வச்சிருக்கற அடையாளம், அந்த ஊர்ல நாலு வீட்டுக்கு ஒரு வீட்டுல இருக்கும். பட்டணத்துக் கணக்க வச்சு இங்க ஆளைப் புடிச்சா தப்பான ஆளைத்தான் புடிப்போம்."

கடலை நன்றாக வறுபட்டிருந்தது. மற்றதெல்லாம் எனக்கு ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது.

படம் வரையாமல் அவராகவே முடித்துக் கொடுத்தது ஒரே ஒரு படிவம்தான். ரமணாசிரமம் பக்கம் வாடகை அறையில் இறந்துபோன ஒரு வெளிநாட்டுப் பெரியவர். சந்தேகம் தீர்வதற்காக அவர் மகள் விமானத்தில் வந்து ரத்தம் கொடுத்தாள். அவளையும் விடவில்லை. கூட வந்த லாட்ஜ்காரரை மொழிபெயர்க்கச் சொல்லிக் காது குத்தியது யார் மடியில் என்று கேட்டார். பதினாறு வயதில் ஒரு கடையில் போய்த் தானே குத்திக்கொண்டதாக அந்தப் பெண் அழுகைக்கு நடுவே சிரித்துக்கொண்டு சொன்னாள். தாய் ஒரு தேசம், தகப்பன் ஒரு தேசமாம். "இதுல நமக்கு வேலையே இல்ல" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். எல்லா கேஸும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. முன்னெல்லாம் நேரடியாகவே, "பொண்ணு எங்கேர்ந்து எடுத்தீங்க? உங்களுக்குள்ளேயேவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பையனைக் காணாமல் வந்தவர்கள், அரசாங்க ஆஸ்பத்திரியில் சாதி கேட்கிறார்கள் என்று மனு கொடுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது. அவர்களிடம் இந்த மாதிரி கேள்வி கேட்டவர்கள் யாரும் நல்லதற்குக் கேட்டதில்லை. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. இந்த அம்மா நான்கு பக்கம் விளக்கம் எழுதி, அதன் பின்பக்கத்திலும் கட்டமும் வட்டமும் போட்டு அனுப்பினார். இனி ரத்தம் மட்டும் எடுத்தால் போதும் என்று உத்தரவு வந்தது. பத்து நாள் வாயைத் திறக்காமல் இருந்தார். பதினோராவது நாள் காது குத்துக் கேள்வியோடு வந்தார். நம் பக்கத்தில் தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்துகிறோம். மடி யாருடையது என்று தெரிந்தால் தாய்வழி தெரிந்துவிடும். அந்த மடியே பிறகு மாப்பிள்ளையாக வந்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும். சாதிப் பேச்சே இல்லை. "எனக்கு இன்னாத்துக்குங்க சாதி? எங்க வீட்டுப் படத்தப் போட்டாலே உங்க தாளு பத்தாது" என்றார். அவரே தாய்மாமனைக் கட்டியவர்.

இத்தனையும் ஒரு ஏரிக்கரைப் பெண்ணுக்காகத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஏரிக்கரையில் ஒரு கிராமம். அவள் கணவர் ஆடி மாதத்தில் வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. எட்டு மாதம் கழித்து அடி அண்ணாமலைக்கு அப்பால் ஒரு பாழுங்கிணற்றில் எலும்புகள் கிடைத்தன. கூடவே ஒரு வெள்ளி அரைஞாண். அந்தப் பெண் ஆறு வயது மகளோடு வந்து அரைஞாணைக் கையில் வாங்கிப் பார்த்து, "இந்த மாதிரிதான் மாமா போட்டிருப்பாரு" என்றாள். அழவில்லை. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"சார், ஒண்ணு இருக்காருன்னு சொல்லுங்க, இல்லாட்டி இல்லன்னு சொல்லுங்க. நடுவுல நிக்க முடியல. பொட்டு வச்சாலும் பேசறாங்க, வைக்கலன்னாலும் பேசறாங்க."

எனக்கு அந்த வார்த்தை தைத்துவிட்டது. சீக்கிரம் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அவசரப்பட்டது கெட்ட எண்ணத்தில் அல்ல என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதனால் என் தப்பு ஒன்றும் குறைந்துவிடப் போவதில்லை.

அவளிடமும் அதே கேள்வி கேட்கப்பட்டது.

"எங்க பெரிய மாமா மடியிலதான். அப்பறம் அவரையேதான் கட்டிக்கினேன்" என்றாள். "நான் ரொம்ப அழுதேனாம். சின்ன மாமாதான் தோள்ல தூக்கிக்கினு ஊரெல்லாம் சுத்தி வந்தாராம்."

அந்த அம்மாவின் பேனா நின்றது. "சின்ன மாமா இப்ப எங்க?"

"பெங்களூர்ல லாரி வேலைங்க. ஏழுமலைன்னு பேரு. போன் எடுக்க மாட்டாரு, அவரு எப்பவும் அப்படித்தான். கல்யாணம் பண்ணிக்கல. எங்கம்மாவும் போய்ட்டாங்க, அவருக்குன்னு யாரு, நாங்கதான்."

"அவருக்கும் அரைஞாண் உண்டா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி செஞ்சதுங்க."

தாளின் பின்பக்கத்தில் அண்ணனுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டார். உள்ளே ஏழுமலை என்று எழுதி ஒரு கேள்விக்குறி வைத்தார். பிறகு என்னைத் தனியே அழைத்தார்.

"இந்த ஏழுமலையக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கணும் ரைட்டர் சார். உயிரோட இருக்காருன்னாவது தெரியணும்."

"காணாம போனது அண்ணன் மேடம். தம்பி எதுக்கு?"

"அண்ணன் தம்பிக்குள்ள பாதி ஒண்ணு. அந்தப் பொண்ணு அவங்க அக்கா வயித்துல பொறந்தவ, அவகிட்டயும் அதுல கொஞ்சம் இருக்கும். குழந்தைக்கு ரெண்டு பக்கமும் அதேதான் வந்திருக்கும். எலும்பு எட்டு மாசம் தண்ணியில ஊறினது, முழுசாப் பேசாது. அர குறையாப் பேசறது அண்ணனா தம்பியான்னு எப்படித் தெரியும்?"

பெங்களூர் நம்பருக்கு இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இன்ஸ்பெக்டர் வழக்குக் கட்டை முடி, முடி என்றார். பின்பக்கம் கிறுக்கிய படிவங்களைக் கோர்ட்டில் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் வேறு ஒரு வெள்ளைப் படிவம் எடுத்து, விரல் நீளக் கோட்டில் 'மனைவி' என்று எழுதி, அடுத்த தாளில் 'மகள்' என்று எழுதி அவர் முன்னால் வைத்தேன். இரண்டு முறை படித்தார். பேனாவை மூடினார், திறந்தார்.

"நீங்க வெட்டுறது தாள இல்ல ரைட்டரே, ஒரு ஆள."

கோபம் வந்தால் 'சார்' போய்விடும். ஆனாலும் கையெழுத்துப் போட்டார். மெமோ வாங்கிய கை அது.

அறிக்கை வந்தது. எலும்பில் பார்க்க வேண்டிய இடங்களில் பாதிக்கும் கம்மியாகத்தான் படிக்க முடிந்ததாம். படித்த இடங்கள் பொருந்தின. குழந்தையின் தகப்பனாக இந்த எலும்புக்குரியவர் இருப்பதை விலக்க முடியவில்லை என்று எழுதியிருந்தது. தாயும் தகப்பனும் ரத்த உறவு இல்லாதவர்கள் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. அந்த வரியை நான் அன்றைக்குப் படிக்கவில்லை. "அப்ப அவர்தான்யா, எழுது" என்றார் இன்ஸ்பெக்டர். விலக்க முடியவில்லை என்று அவர்கள் எழுதியதை 'அவர்தான்' என்று எழுதியது என் கைதான். எலும்பைத் துணியில் கட்டி வாங்கிப்போய் எரித்தார்கள். பதினாறாம் நாள் கருமாதி. அவள் பொட்டை எடுத்தார்கள்.

அந்த அம்மா அதற்குப் பிறகு என்னோடு அதிகம் பேசவில்லை. கொஞ்ச நாளில் அவரைச் சர்க்கரை பார்க்கும் கவுண்டருக்கு மாற்றிவிட்டார்கள். விரலில் குத்தும் வேலை, கேள்வி எதுவும் தேவையில்லை.

அடுத்த வருஷம் கிரிவலப் பாதையில் இருக்கும் சாமியார்களைக் கணக்கெடுக்கச் சொல்லி உத்தரவு. அடி அண்ணாமலையில் ஒரு வேப்பமரத்தடியில் மேசை போட்டு, காலையிலிருந்து பேர், ஊர், போட்டோ, கைரேகை என்று எழுதிக்கொண்டிருந்தேன். அன்னதான வரிசையிலிருந்து வந்த ஒருவர் பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். நான் எழுதி முடித்த கட்டில் இருந்த அதே பேர், அதே ஊர். தாடிக்கு நடுவே முகத்தைத் தேடினேன்.

"உங்களுக்கு வீட்டுல கருமாதியே முடிஞ்சிடுச்சு, தெரியுமா?"

"தெரியுங்க. எங்க ஊர்ப் பக்கத்து ஆளு ஒருத்தரு சொன்னாரு. அதுவும் நல்லதுக்குத்தான்னு விட்டுட்டேன்."

சர்வீஸில் எத்தனையோ பேரை அடிக்கக் கை துறுதுறுத்திருக்கிறது. அன்றைக்கு மாதிரி துறுதுறுத்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தம்பியைப் பற்றிக் கேட்டேன்.

"நான் இங்க வந்த கொஞ்ச நாள்ல தேடிக்கினு வந்தான். வூட்டுக்கு வான்னு கூப்பிட்டான். வரலன்னுட்டேன். ரெண்டு நாள் இங்கியே சுத்தினு இருந்தான், அப்பறம் காணோம். பெங்களூருக்குப் போய்ட்டான்னு நெனச்சேன்."

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். சர்க்கரை கவுண்டரில் நீள வரிசை. அந்த அம்மா ஒரு பெரியவரின் விரலைப் பிடித்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். அந்தத் தம்பி பெயர் என்ன என்று எனக்கே மறந்துபோயிருந்தது. "ஏழுமலை" என்றார் அவர். பெரியவரின் விரலில் பஞ்சை அழுத்திவிட்டு, "நானும்தானே கையெழுத்துப் போட்டேன்" என்றார். நான் அப்பவே சொன்னேனே என்று நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். அந்த நிம்மதியை அவர் கொடுக்கவில்லை. பரிசோதனைக்கூடத்தில் ஒரு பல் மிச்சம் இருக்கும், உயிரோடு இருக்கும் அண்ணன் ரத்தத்தை எடுத்து அதோடு ஒப்பிட்டால் அண்ணன் தம்பியா என்று தெரிந்துவிடும் என்றார்.

அந்தப் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரவழைத்துச் சொன்னேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கணவர் உயிரோடு இருக்கிறார், தம்பியைத்தான் காணோம் என்றேன். அவள் கேட்டது இதுதான்.

"அப்ப நாங்க எரிச்சது சின்ன மாமாவையா?"

"டெஸ்ட் பண்ணித்தாம்மா சொல்லணும்."

"அவருக்குன்னு யாரும் அழலியே சார். நான் வேற ஒருத்தருக்குன்னு நெனச்சு இல்ல அழுதேன்."

அண்ணன் ரத்தம் கொடுக்க மறுத்துவிட்டார். ரத்த சம்பந்தம் எல்லாம் தனக்கு விட்டுப்போய்விட்டது என்றார். மூன்று முறை போனேன். மூன்று முறையும் அதே பதில், அதே சாந்தமான முகம். நான்காம் முறை அவளே வந்தாள். அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"வூட்டுக்கு வாங்கன்னு கூப்பிட வரல. கைய மட்டும் நீட்டுங்க. சின்ன மாமா பேரச் சொல்லி நான் அழணும்" என்றாள்.

அவர் எழுந்து வந்து ஜீப்பில் ஏறினார்.

முடிவையும் சொல்லிவிடுகிறேன். பல் தம்பியுடையதுதான். கிணற்றில் எப்படி விழுந்தார் என்பதை எந்தப் பரிசோதனையும் சொல்லவில்லை. அறிக்கை வந்தபோது அந்த அம்மா இங்கே இல்லை, வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தார். எந்த ஊர் என்று விசாரித்து வைத்துக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை. இப்போது இருக்கிறவர் பத்து நிமிஷத்தில் முடித்துக் கொடுத்துவிடுகிறார். படிவத்தில் இன்றைக்கும் அதே விரல் நீளக் கோடுதான். மாற்றச் சொல்லி நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

ரத்தம் எடுத்த அந்தக் காலையில், கெஞ்சிக் கேட்டு அந்த அம்மாவை ஒரு மணி நேரத்துக்குக் கவுண்டரிலிருந்து வரவழைத்திருந்தேன். காவி வேட்டியோடு அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். அந்தப் பெண் கதவோரம் நின்றாள். அந்த அம்மா அவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினார். பஞ்சால் துடைத்தார். ஊசியை எடுக்கவில்லை.

"அதோ நிக்கறாங்களே, அவங்களுக்குக் காது குத்துனப்ப யார் மடியில உக்கார வச்சாங்க?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரியலன்னா தெரியலன்னே சொல்லுங்க. எழுதிக்கறேன்."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பட்டை கட்டிய கையில் நரம்பு புடைத்து நின்றது.

"என் மடியில" என்றார்.

"அழுதாங்களா?"

"அழுதா. ஏழுமலதான் தூக்கிக்கினு போனான்."

கதவோரம் நின்றவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அறிக்கை வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. நான் படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தை மேலே வைத்து அந்த அம்மாவிடம் கொடுத்தேன்.